மாடியில் இரும்பு, கீழே பால்

அந்தத் தெருவில் பால்கட்டி வேண்டுமென்றால் ஒரே ஒரு கடைதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் பால்கட்டி செய்யும் அறை, அதற்கும் பின்னால் வீடு. கடையில் அம்மா. அறையில் அப்பா. மூன்றுக்கும் நடுவே ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவள் அவர்கள் மகள் தராசு.

அது பட்டப்பெயர். ஒரு மிட்டாயை இரண்டாகப் பிட்டால்கூட, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு துண்டையும் தூக்கிப் பார்ப்பாள். பெரிய துண்டில் ஒரு கடி கடித்துச் சமமாக்குவாள். அது இப்போது சின்னதாகிவிடும். உடனே அடுத்ததில் ஒரு கடி. நியாயம் கிடைக்கும்போது பெரும்பாலும் மிட்டாய் இருக்காது.

மாலையில் பால் வரும். அப்பா அதைச் செம்பு அண்டாவில் ஊற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவார். பிறகு ஒரு சின்ன சீசாவிலிருந்து உறைச்சொட்டு விடுவார். ஓர் அண்டா பாலுக்குச் சில துளிகள்தான். மெல்லக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தாரென்றால், அதன்பிறகு யாரும் அண்டாவைத் தொடக் கூடாது. அறைக்குள் ஓடக் கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும்.

"ஏம்ப்பா இவ்வளவு பயம்?" என்று ஒருநாள் தராசு கேட்டாள்.

"பால் இப்போ வேலை பார்க்குது. பாலுக்குள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் புரத உருண்டைங்க மிதக்குது. சொட்டு விழற வரைக்கும் ஒண்ணையொண்ணு சீண்டாது. சொட்டு விழுந்ததும் பக்கத்துல இருக்கறதோட கைகோத்துக்கும். அதுக்குப் பக்கத்துல இருக்கறது அதோட. அப்படியே அண்டா முழுக்க ஒரே வலை. அந்த வலை இறுகறதுக்குள்ள நீ அண்டாவை ஆட்டினா?"

"கை விட்டுப்போயிடும்."

"அவ்வளவுதான். அப்புறம் கெஞ்சினாலும் கோக்காது."

அன்றிலிருந்து தராசு அந்த அறையின் கதவருகே போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள்.

இத்தனை மரியாதையோடு நடத்தப்பட்ட அண்டாவுக்கு நேர் மேலே, போன மாதம், ஒரு ஜிம் வந்து சேர்ந்தது.

முன்பு மாடியில் தையல் வகுப்பு நடந்தது. ஊசி கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும்? இப்போது அங்கே இரும்பு விழுந்தது. இரும்புத் தண்டின் இரண்டு முனையிலும் வட்ட வட்டமாக எடைகளை மாட்டி, தலைக்கு மேலே தூக்கி, "ஹா!" என்று கத்திவிட்டுத் தொப்பென்று போடுவார்கள். ஜிம் நடத்தும் மாஸ்டருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர், இடி மாஸ்டர். வேலை முடிந்து ஆட்கள் ஜிம்முக்கு வரும் நேரமும், பால் உறையும் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் வம்பு.

அன்று அப்பா உறைச்சொட்டு விட்டுவிட்டு அண்டாவின் அருகே நின்றிருந்தார். தராசு வாசலில் செருப்பும் கையுமாக நின்றாள். பாலின் மேல்பரப்பு கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது.

தடால்!

விளக்கு ஊஞ்சலாடியது. சுவரிலிருந்து சுண்ணாம்புத் துணுக்கு உதிர்ந்தது. பாலின் மேல் வளையம் வளையமாக அலை ஓடியது.

"போச்சு," என்றார் அப்பா.

பாதி இறுகிய வலை நொறுங்கிவிட்டது. தெளிவாக வடிய வேண்டிய நீர் வெள்ளை வெளேரென்று வடிந்தது. பால்கட்டியாக வேண்டிய பாதி அதோடு சாக்கடைக்குப் போனது. மிச்சத்தைத் துணியில் கட்டி அழுத்தினால், கையில் எடுத்ததும் ரவை ரவையாக உதிர்ந்தது. இப்படி உதிர்வது அன்று முதல் தடவையும் இல்லை.

அப்பா மாடிப்படியில் பாதி ஏறினார். இடி மாஸ்டர் பாதி இறங்கினார்.

"மாஸ்டர், என் பால் உடையுது!"

"பால் என்ன கண்ணாடியாண்ணே, சத்தத்துக்கு உடைய? பால் கெட்டுப்போயிருக்கும். பழியைத் தூக்கி எங்க மேல போடறீங்க."

"நான் போடறேனா? தூக்கித் தூக்கிப் போடறது நீங்க!"

இந்த நேரம் பார்த்துக் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டாலே எதிர்வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மீதிச் சுண்ணாம்பும் உதிர்ந்தது. "காலையில ஒருத்தர் புகார் சொல்றீங்க, சாயங்காலம் ஒருத்தர் சொல்றீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள சமாதானமாகலைன்னா, ரெண்டு பேரும் காலி பண்ணிடுங்க. டயர் வியாபாரி ஒருத்தர் மேலயும் கீழயும் சேர்த்துக் குடோனுக்குக் கேட்கறார். டயர் சண்டை போடாது!"

அப்பா கீழே வந்தார். மாஸ்டர் மேலே போனார். தராசு கணக்குப் போட்டாள். கடை போனால் வீடும் போகும். ஜிம் போனால் இரும்பக்கா எங்கே போவாள்?

இரும்பக்கா பகலில் பார்சல் வண்டி ஓட்டுவாள், மாலையில் பளு தூக்குவாள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்குப் பால் கேன்கள் வரும்போது, வழியில் இருந்தால், ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போவாள். "இதெல்லாம் ஒரு கனமா?" என்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தராசு மாடிக்குப் போனாள். இரும்பக்கா தரையில் உட்கார்ந்து, வாளி அளவு இருந்த ஒரு டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டப்பாவின் மேலே ஒரு கையின் படம். கை மட்டும்தான். ஆனால் அதிலிருந்த தசை ஒரு முழு ஆளுக்குப் போதும்.

"என்னக்கா தேடறீங்க?"

"புரதப் பொடி. தீர்ந்துபோச்சு. தசை வளரப் புரதம் வேணும். எங்களுக்கு சாப்பாட்டுல இருக்கறது பத்த மாட்டேங்குது, அதுக்கு மேல இது."

"எதுல செய்யறாங்க?"

"பாலுலதான். பால்கட்டி செய்யறப்போ தண்ணி பிரியுமில்ல? அந்தத் தண்ணியை வடிகட்டி, காயவெச்சு, பொடியாக்கறாங்க."

தராசு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இளம்பச்சையா, வெயில்ல வெச்ச கண்ணாடி மாதிரி மினுமினுன்னு இருக்குமே, அந்தத் தண்ணியா?"

"நான் பொடியைத்தான் பார்த்திருக்கேன். தண்ணியை யார் கண்டா?"

"நான் கண்டேன். எங்க வீட்டுச் சாக்கடையில. தினமும்!"

இரும்பக்கா டப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தரைக்குக் கீழே இருக்கும் சாக்கடையை நினைத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆனா ரொம்பத் துள்ளாதே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சமாத்தான் இருக்கும். இந்த டப்பா நிறையணும்னா ஒரு குளம் தண்ணி வேணும்."

"பாலுல இருக்கற புரதமெல்லாம் கைகோத்துப் பால்கட்டி ஆயிடும்னு அப்பா சொன்னாரே?"

"எல்லாம் கோக்காதாம். போட்டிக்குப் போறவங்களுக்கு ஒரு டாக்டர் வகுப்பு எடுத்தாங்க. பாலுல ரெண்டு வகைப் புரதம். ஒரு வகை உங்கப்பா சொட்டுக்கு மசியும். இன்னொரு வகை அதுக்கு மசியாம, கரைஞ்சபடியே தண்ணியோட போயிடும். முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி. உள்ளே இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது."

தராசு நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். வெள்ளைக்கரு. உடைத்து ஊற்றும்போது கண்ணாடிபோலத் தெளிவு. சூடான சட்டியில் பட்டதும் வெள்ளை வெளேர். அப்படியென்றால், அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால்?

படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் அந்தத் தண்ணீரைச் சூடாக்காத நாளே இல்லை!

செம்பு அண்டா விளக்குவதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வடிந்த நீரில் கொஞ்சத்தைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளை அதில் போட்டுக் கொதிக்கவிடுவாள். அதை ஊற்றித் தேய்த்தால் அண்டா புதுசாகிவிடும். ஒரே தொல்லை, கொதிக்கும்போது மேலே வெள்ளை வெள்ளையாக அழுக்கு வரும். அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் அண்டா பக்கம் போவாள்.

தராசு சமையலறைக்குள் பாய்ந்தபோது அம்மா கரண்டியை ஓங்கியிருந்தாள்.

"அம்மா, அதை எடுக்காதே!"

"அழுக்கை எடுக்காம அதுக்குப் பூப்போட்டு வெக்கணுமா?"

"அது அழுக்கில்லைம்மா! சுத்தமான பாத்திரத்துல, நல்ல எலுமிச்சையைப் பிழிஞ்சு, இன்னொரு தடவை காய்ச்சிப் பார்க்கலாம்மா. ஒரே தடவை."

அம்மா வியாபாரி. செலவில்லாத சோதனை என்றால் மறுக்க மாட்டாள். இரவு முழுவதும் நின்று மேலே தெளிந்திருந்த நீரை மட்டும் கழுவிய பாத்திரத்தில் இறுத்து அடுப்பில் வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பாத்திரத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள். ஆவி எழுந்தது. பிறகு நீர் லேசாக மங்கியது, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல. தராசு எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டாள்.

எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று. பொட்டுகள் சேர்ந்து துணுக்காயின. துணுக்குகள் சேர்ந்து பஞ்சாயின. அடியிலிருந்து மெல்ல மெல்ல மேகங்கள் எழும்பி வந்து, மேலே ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் பாத்திரத்துக்குள் ஒரு வானமே இருந்தது.

அம்மாவின் கை தானாக அடுப்பை அணைத்தது.

"இத்தனை வருஷமா," என்றாள் அம்மா, கோயிலுக்குள் பேசுவதுபோல் மெதுவாக, "நான் இதையா வழிச்சுக் கொட்டினேன்?"

துணியில் வடித்தார்கள். வெதுவெதுப்பாக, மெத்தென்று, லேசான இனிப்போடு இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"பாலை முழுசாப் பிழிஞ்சுட்டதா நினைச்சிட்டிருந்தேனே," என்றார். "உள்ளே இன்னொண்ணு ஒளிஞ்சிருந்திருக்கு!"

அம்மாவுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள். "நாளைக்கே வாசல்ல வெச்சு வித்துடலாம்."

"விக்கலாம்மா," என்றாள் தராசு. "ஆனா வாசல் நம்மகிட்ட இருக்கணுமே."

மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை தராசு கிண்ணமும் கரண்டியுமாக மாடியேறினாள். இடி மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கைகள் இரண்டு தலையணைபோல இருந்தன.

"உங்கப்பா அனுப்பினாரா?"

"இல்ல மாஸ்டர், நானே வந்தேன். இதைச் சாப்பிட்டுப் பாருங்க. உங்க டப்பாவுல இருக்கற பொடிக்கு இது கூடப்பொறந்ததுதான். அதே தண்ணியிலிருந்து வந்தது."

மாஸ்டர் ஒரு கரண்டி வாயில் போட்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை. "பரவாயில்லை," என்றார்.

பரவாயில்லை என்று சொன்னவரின் கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்ததை இரும்பக்காவும் பார்த்தாள், தராசும் பார்த்தாள்.

"தினமும் ஒரு பெரிய கிண்ணம் தர்றோம். ஜிம்முல இருக்கற எல்லாருக்கும் பங்கு. பதிலுக்கு, அப்பா சொட்டு விட்டதிலிருந்து உறைஞ்ச பாலைக் கத்தியால வெட்டற வரைக்கும் இரும்பு கீழே விழக் கூடாது."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது? கொட்டாவி விடறதா?"

"மாஸ்டர்," என்றாள் இரும்பக்கா, "உடம்பை வளைச்சு நீட்டற பயிற்சியை யாரும் ஒழுங்காச் செய்யறதில்லைன்னு தினமும் கத்தறீங்களே. அதுக்குச் சத்தமே வேண்டாமே."

மாஸ்டர் அவளை முறைத்தார். பிறகு தராசிடம் குனிந்தார். "கிண்ணம் இன்னும் கொஞ்சம் பெரிசா?"

"வெட்டினதுக்கு அப்புறமும் தடால்னு போடாம, மெத்தை விரிச்சு அது மேல போட்டா, இன்னும் கொஞ்சம் பெரிசு."

"அந்தத் தண்ணியும் ஒரு குடம் சேர்த்துக் குடு."

"தண்ணியைக் காய்ச்சினாத்தான் மாஸ்டர் இது வரும். ரெண்டையும் கேட்டா எப்படிக் கட்டுப்படியாகும்? காய்ச்சின பிறகு மிஞ்சறது அண்டா விளக்க எங்கம்மாவுக்கு. அதுல கை வெச்சா பேரமே கிடையாது."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஜன்னல் அதிர்ந்தது. "சரி. எல்லாம் சரி. ஆனா ஒண்ணு. சத்தத்துக்குப் பால் உடையும்னு நான் இன்னும் நம்பலை."

"அதுக்குத்தான் நாளைக்கு எல்லாரும் கீழே வரணும். செருப்பைக் கழட்டிட்டு."

வெள்ளிக்கிழமை மாலை ஜிம் முழுவதும் அந்த அறைக்குள் வந்தது. கதவில் பக்கவாட்டில் நுழைந்தவர்கள், குனிந்து நுழைந்தவர்கள், இரண்டும் செய்து நுழைந்தவர்கள். எல்லோரும் வெறுங்காலோடு, நுனிவிரலில், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இடி மாஸ்டர் அண்டாவுக்கு மிக அருகில் நின்றார். முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருந்தது.

அப்பா உறைச்சொட்டு விட்டார். கலக்கினார். கரண்டியை எடுத்தார்.

அறையில் சத்தமில்லை. யாருடைய வயிறோ ஒருமுறை உறுமியது. அதன் சொந்தக்காரர் வெட்கத்தோடு அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

நேரம் போகப் போக மாஸ்டரின் நமட்டுச் சிரிப்பு கரைந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளைப் பால், அவ்வளவுதான். ஆனால் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. விளக்கின் பிம்பம் பாலின்மேல் நடுங்குவது நின்றது. பளபளப்பு மெல்ல மங்கி, பட்டுத் துணியின் மினுமினுப்பு வந்தது. அடுப்பும் எரியவில்லை, கரண்டியும் சுற்றவில்லை. அண்டா முழுக்க, கண்ணுக்குத் தெரியாத கைகள், கைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தொட்டுப் பாருங்க மாஸ்டர்," என்றார் அப்பா, காற்றைவிட மெதுவாக. "மேலாக. விரல் நுனியால."

அத்தனை எடையைத் தூக்கும் விரல், ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டது. பால் விரலில் ஒட்டவில்லை. லேசாக அமுங்கி, திரும்ப எழுந்தது.

"உயிர் இருக்கற மாதிரி இருக்குண்ணே," என்றார் மாஸ்டர். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. "இதுக்கு மேலயா நான் இரும்பைப் போட்டேன்?"

அப்போதுதான் தெருக்கதவு திறந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர். மாடியிலும் சத்தமில்லை, கடையிலும் சத்தமில்லை. இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். "யாருமே இல்லையா!" என்று கத்துவதற்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு அறைக்கதவைத் தள்ளினார்.

அறையே திரும்பியது. மலை மலையாக ஆட்கள், நுனிவிரலில் நின்றபடி, உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தார்கள். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அப்படியே வைத்துக்கொண்டார்.

தராசு மெல்ல நடந்துபோய் அவர் கையைப் பிடித்து, அண்டாவின் அருகே கூட்டிவந்தாள். கீழே குனிந்து அவருடைய செருப்பை மட்டும் காட்டினாள். அவர் கழற்றினார்.

அப்பா நீளமான கத்தியை எடுத்து, உறைந்த பாலில் ஒரே ஒரு கோடு இழுத்தார். வெள்ளைத் தரை இரண்டாகப் பிளந்தது. பிளவின் ஓரங்கள் கண்ணாடி வெட்டியதுபோல நேராக நின்றன. அந்தப் பிளவுக்குள், ஆழத்திலிருந்து, இளம்பச்சை நீர் ஊறி ஊறி மேலே வந்தது. அவ்வளவு தெளிவாக இருந்ததால், கூரையிலிருந்த விளக்கு முழுசாக அதற்குள் தெரிந்தது.

"ஆ..." என்றது அறை.

"இது தினமும் நடக்குதா?" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டார் சொந்தக்காரர்.

"தினமும், சார்," என்று கிசுகிசுத்தாள் தராசு. "அடுத்த கோடு போடப்போறார், பாருங்க."

அப்போது அவருடைய சட்டைப்பையில் போன் உர்ரென்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். டயர் வியாபாரி. அண்டா ஆடிவிடப் போகிறதே என்று பதறிப்போய், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, மறுபடி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.